இரைந்து தணியும் இறைப்பு இயந்திரம்

1990இல் மண்கும்பானிலிருந்தும் தீவகத்தின் பிற ஊர்களிலிருந்தும் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு, மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் புதியதன்று. நெடுநாள் கிடந்த இயந்திரம் இரைந்தும் தணிந்தும் ஓடினால், பழைய இரும்புக்கு விற்றுவிட வேண்டாம். நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு.

ஓடும்போது சோக்கைச் சிறிது மூடிப் பாருங்கள். ஓட்டம் சீரானால், எண்ணெய் போதவில்லை என்பது பொருள். இயந்திரத்தை ஆறவிட்டு, காபரேட்டரில் உள்ள ஜெற் என்னும் துளைத் திருகைக் கழற்றி, பெற்றோலில் கழுவி, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும்.

சீராகாவிட்டால், நிறுத்திவிட்டு, வேகத்தை அளவுபடுத்தும் கவர்னர் கம்பியைக் கையால் அசையுங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். துருவை நீக்கி ஒரு துளி எண்ணெய் விடுங்கள். அதன் ஸ்பிரிங்கை வளைத்து வேகம் கூட்ட வேண்டாம்.

அன்றாடம் நிறுத்துமுன் பெற்றோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட்டால், மறுநாள் இலகுவாக இயங்கும்.

சீரான வேகம் கிணற்றுக்கும் தேவை. மண்கும்பானின் மணலுக்கடியில் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறும். ஆகவே வேகத்தைக் குறைத்து, இடைவிட்டு இறைப்போம். இயந்திரத்தைத் திருத்திவிடலாம், உவரான கிணற்றைத் திருத்துவது எளிதன்று.