ஆஸ்துமா நோயும் மேலதிக மருந்தும்: நன்மையையும் தீங்கையும் நிறுத்துப் பார்த்தல்



தொய்வு என்றும் முட்டு என்றும் நம் மூத்தோர் அழைத்துவந்த ஆஸ்துமா நோய் நமது கரையோரத்துக்குப் புதியதொன்றன்று. ஓலை வேய்ந்த குசினிகளின் விறகுப் புகையிலும், மணலை வாரிவரும் தென்மேற்குக் காற்றிலும் மூச்சுத் திணறியோர் எக்காலத்திலும் இங்கு இருந்துள்ளனர். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 2011ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயின. நிலக்கரித் தூசியும் சாம்பலும் காற்றோடு வீடுகளுக்குள் வருகின்றன என்பது அதனை அண்டி வாழும் மக்களின் நீண்டநாள் முறைப்பாடாகும். அத்தூசியை நம்மால் ஒரே நாளில் தடுக்க முடியாது. ஆனால் நோயாளி உறங்கும் அறையில் சாம்பிராணி போடுவதையும் நுளம்புச் சுருள் கொளுத்துவதையும் இன்றிரவே நிறுத்தலாம்.

எனினும் இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட விடயம் வேறு. வழமையான மருந்து போதாமல், வைத்தியர் அதனுடன் இன்னொன்றைச் சேர்த்துத் தரும்போது அதனை எவ்வாறு நிறுத்துப் பார்ப்பது என்பதே அது. தரப்பட்டதை ஆண்டுக்கணக்கில் கேள்வியின்றி விழுங்குவோரும் நம்மிடையே உள்ளனர். பக்கவிளைவு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மருந்தைத் தூக்கி எறிவோரும் உள்ளனர். இவ்விரு சாராரும் தராசைக் கையில் எடுக்கவேயில்லை.

முதலில் நோயின் இயல்பை அறிந்துகொள்வோம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்புறம் அழற்சியால் வீங்குகின்றது. அதைச் சுற்றியுள்ள தசையும் இறுகுகின்றது. சல்பியூட்டமோல் அடங்கிய நீலநிற பம்ப் தசையை உடனே தளர்த்துமேயன்றி வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைத் தணிப்பது பெக்லோமெதசோன் போன்ற தடுப்பு பம்ப். அது உடனடிச் சுகம் தருவதில்லை. ஆகவேதான் பலர் அதனை அலுமாரியில் வைத்துவிட்டு நீலத்தையே நம்பியிருக்கின்றனர். நீல பம்ப் வாரத்தில் பல தடவை தேவைப்படுமாயின் நோய் அடங்கவில்லை என்பதே அதன் பொருள். வாய் வழியாக உறிஞ்சும் தடுப்பு மருந்தால் தொண்டை கரகரப்பும் வாய்ப்புண்ணும் வரலாம். ஸ்பேசர் எனும் இடைக்குழாயைப் பயன்படுத்துவதாலும், பின்னர் வாய் கொப்பளிப்பதாலும் இவை பெருமளவு குறையும். பிள்ளைகளின் உயரம் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவு குறையக்கூடும் என்பது உண்மையே. அந்த ஒரு சென்டிமீட்டரை ஒரு தட்டிலும், இரவெல்லாம் மூச்சுக்குப் போராடும் பிள்ளையை மறு தட்டிலும் வைத்துப் பாருங்கள்.

எனவே இரண்டாவது மருந்தை ஏற்குமுன், முதல் மருந்து ஒழுங்காக உள்ளே போகின்றதா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். கிளினிக்கில் தாதியின் முன்னிலையில் பம்பை ஒருமுறை அடித்துக் காட்டுங்கள். மருந்து நாக்கிலேயே தங்கிவிடுகின்றதெனின், வேண்டியது இன்னொரு மருந்தன்று, சரியான முறையே.

அதன் பின்னும் நோய் அடங்காவிடில் வைத்தியர் பெரும்பாலும் முதலில் சேர்ப்பது, தசையை நீண்ட நேரம் தளர்த்தி வைக்கும் சல்மெட்டரோல் அல்லது போர்மொட்டரோல் ஆகும். சல்மெட்டரோலின் வரலாறு படிப்பினை நிறைந்தது. 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய ஓர் ஆய்வில் 26,000க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். சல்மெட்டரோல் பெற்ற பாதிப்பேரில் 13 பேர் ஆஸ்துமாவால் மரணித்தனர். போலி மருந்து பெற்ற மறு பாதியில் மூவர் மரணித்தனர். 2003இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. அதில் சேர்ந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் தொடக்கத்தில் தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டிருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் இரண்டையும் ஒரே பம்பில் சேர்த்துப் பெரிய ஆய்வுகள் நடத்தப்பட்டபோது அந்த ஆபத்துத் தென்படவில்லை. ஆகவே அத்தகைய கூட்டு பம்புகளுக்கு இடப்பட்டிருந்த கடும் எச்சரிக்கையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 டிசம்பரில் நீக்கியது. ஆக, தீங்கு மருந்தில் மாத்திரம் இல்லை. அடித்தளமின்றி அதை எடுப்பதிலேயே பெரிதும் இருந்தது. கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் சிலருக்கு வரும். அவற்றை வைத்தியரிடம் மறையாது கூறுக.

அடுத்தது மொண்டிலுகாஸ்ட். மாலையில் விழுங்கும் மாத்திரை. சிறுவருக்கு மென்று தின்னும் இனிப்பு மாத்திரையாகவும் வருகின்றது. பம்புக்கு அஞ்சும் பெற்றோர் இதனை விரும்புவதில் வியப்பில்லை. தும்மலும் மூக்கடைப்பும் சேர்ந்திருப்போருக்கு இதனால் பயனுண்டு. ஆனால் தடுப்பு பம்பின் இடத்தை இது நிரப்பாது. 2020 மார்ச் மாதத்தில் அதே நிர்வாகம் இம்மருந்துக்குத் தனது மிகக் கடுமையான எச்சரிக்கையை இட்டது. பயங்கரக் கனவுகள், தூக்கமின்மை, அடங்காத சினம், மனச்சோர்வு, சிலரில் தற்கொலை எண்ணம் என்பன அதில் குறிப்பிடப்பட்டன. பெரும்பாலோருக்கு இவை ஏற்படுவதில்லை. ஏற்படும்போது எவரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை என்பதே பிரச்சினை.

பிள்ளை நடு இரவில் அலறி எழும்புகின்றான், ஓதிப் பாருங்கள் என்று நம்மிடம் வருகின்றனர். ஓதுவதில் தடையில்லை, ஆனால் அண்மையில் தொடங்கிய மருந்து எதுவென்று கேட்காமல் ஓதி அனுப்புவது அமானிதத்துக்குப் பொருத்தமன்று என்பது என் கருத்து. மாற்றம் மாத்திரை தொடங்கிய பின்னர் வந்ததாயின் அதனை நிறுத்தி உடனே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். தடுப்பு பம்பை மட்டும் நிறுத்தலாகாது.

தியோபிலின் மாத்திரை பழையது, மலிவானது. இதில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. குமட்டல், தலைவலி, படபடப்பு ஆகியன அளவு கூடியதன் அடையாளங்களாக இருக்கலாம். சிப்ரோபுளொக்சசின், எரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகள் இதனை இரத்தத்தில் உயர்த்திவிடும். எனவே பாமசியில் வேறு மருந்து வாங்கும்போது தியோபிலின் எடுப்பதைச் சொல்லுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாதது: சிகரட் புகைப்பவரின் உடல் இம்மருந்தை விரைவாக வெளியேற்றும். நோன்பு மாதத்தில் அவர் புகைத்தலை விட்டால், பழைய அளவே அவருக்கு அதிகமாகிவிடும். புகைத்தலை விடுவது நன்றே. வைத்தியருக்கும் சொல்லிவிட்டு விடுக.

பிரெட்னிசொலோன் கடுமையான முட்டின்போது சில நாட்களுக்கு உயிர்காக்கும் மருந்து. திரும்பத் திரும்ப எடுத்தால் சீனி வியாதி, எலும்புத் தேய்வு, கண்புரை ஆகியவற்றுக்கு வழிகோலும். நெடுங்காலம் எடுத்தவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே.

மேலதிக மருந்தொன்று தொடங்கும் நாளில் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியை எழுதுங்கள். வாரத்தில் எத்தனை இரவு விழித்தீர்கள், நீல பம்ப் எத்தனை தடவை தேவைப்பட்டது என்பவற்றையும், உடலிலும் குணத்திலும் வீட்டார் கண்ட மாற்றத்தையும் குறித்துவாருங்கள். நோயாளியின் சினத்தை அவரைவிட அவரது மனைவியே முதலில் அறிவார்! இரண்டு மூன்று மாதங்களின் பின் அப்பக்கத்தை வைத்தியரிடம் காட்டி, இம்மருந்து தொடர வேண்டுமா என்று கேளுங்கள். அது நோயாளியின் உரிமை.

நோன்பைப் பற்றியும் கேட்கின்றனர். பம்ப் நோன்பை முறிக்குமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாளுக்கு இரு தடவை எடுக்கும் தடுப்பு பம்பை ஸஹரிலும் இஃப்தாருக்குப் பின்னும் எடுக்க இயலுமாதலால் அங்கு சிக்கல் பெரிதாக எழுவதில்லை. பகலில் முட்டு வந்தாலோ சட்டம் தேடும் நேரமன்று அது. நீல பம்பை உடனே எடுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது, களாவைப் பற்றிப் பின்னர் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒரு வசனத்தை முழுமையாகப் பேச முடியாதவாறு மூச்சு முட்டினால், அல்லது உதடுகள் நீலம் பாய்ந்தால், பம்பை அடித்துக்கொண்டே அருகிலுள்ள வைத்தியசாலைக்கு விரைந்து செல்லுங்கள்.