இமயமலைக் கருங்கரடியும் மலைநாட்டுக் குடியானவரும்

காட்டு விலங்குகளால் மனிதருக்கு நேரும் துன்பத்தைப் பற்றிப் பேசும்போது யானையும் புலியுமே நமக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் காஷ்மீரிலோ கடுவாலிலோ மலைச்சரிவில் பயிரிடும் குடியானவரைக் கேட்டால், அவர் கருங்கரடியையும் தவறாமல் குறிப்பிடுவார். மக்காச்சோளம் முற்றும் பருவத்தில் இரவெல்லாம் பரண்மீது விழித்திருந்து, தகரத்தைத் தட்டியும் தீப்பந்தம் காட்டியும் அவர் விரட்ட முயல்வது பெரும்பாலும் இவ்விலங்கையே. இதற்குத் துப்பாக்கியே தக்க மருந்தென ஒரு காலத்தில் கருதப்பட்டது. இன்று சட்டம் அதனைத் தடுக்கிறது. தடுத்தது நியாயமே. ஆயினும், தடுத்த அளவில் நமது கடமை முடிந்துவிட்டதா என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய பொருள்.

கரடியின் இயல்பு

தென்னாட்டுக் காடுகளில் நாம் அறிந்த கரடி, கறையான் புற்றைத் தோண்டித் தின்னும் தேன் கரடியாகும். இமயமலைக் கருங்கரடி வேறோர் இனம். விஞ்ஞானிகள் இதனை 'உர்சஸ் திபெத்தானஸ்' என்று வழங்குவர். இதன் காதுகள் பெரியவை, உடல் கருமையானது, மார்பில் பிறை வடிவமான வெளிறிய குறி ஒன்று உண்டு. இக்குறி காரணமாகச் 'சந்திரக் கரடி' என்றும் இதனை அழைப்பர். நன்கு வளர்ந்த ஆண் கரடி 100 முதல் 200 கிலோகிராம் வரை எடையுள்ளது. பெண் கரடி அதனிலும் சிறியது. நம் நாட்டில் காஷ்மீர் முதல் அருணாசலப் பிரதேசம் வரையிலுள்ள மலைக்காடுகளில் இது வாழ்கிறது.

ஊன் தின்னும் விலங்கினத்தில் பிறந்ததாயினும், இது பெரும்பாலும் மரக்கறி உணவே கொள்கிறது. இளவேனிலில் தளிரும் புல்லும், கோடையில் முசுக்கட்டை, செர்ரி போன்ற கனிகளும், இலையுதிர் காலத்தில் அக்ரோட்டும் ஓக் மரத்தின் கொட்டைகளும் இதற்கு உணவாகும். மரமேறுவதில் இது வல்லது. கிளைகளை வளைத்து ஒடித்துக் காய்களைத் தின்றபின், ஒடித்த கிளைகளை அடியில் அடுக்கிவிடுவதால் மரத்தின்மீது பெரிய கூடு கட்டியதுபோல் தோன்றும்.

குளிர்காலம் கடுமையாக உள்ள இடங்களில், மரப்பொந்திலோ பாறைக் குகையிலோ இது புகுந்து, உணவும் நீரும் இன்றிப் பல மாதங்கள் உறங்குகிறது. பெண் கரடி குட்டி ஈனுவதும் அவ்வுறக்கக் காலத்திலேயே. இந்த நீண்ட பட்டினிக்கு வேண்டிய கொழுப்பு முழுவதையும் குளிர் தொடங்குமுன் உடலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே இலையுதிர் காலத்தில் அது பகலும் இரவும் ஓயாது தின்கிறது. மக்காச்சோளம் முற்றுவதும், ஆப்பிள் பழுப்பதும், அக்ரோட்டு உதிர்வதும், குளிர்காலத்துக்கெனப் பெண்கள் புல்லும் விறகும் சேர்க்கச் சரிவுகளில் ஏறுவதும் அதே காலத்தில்தான். கரடியின் பஞ்சாங்கமும் குடியானவரின் பஞ்சாங்கமும் இவ்வாறு ஒன்றிப்போனதே தொல்லையின் மூலகாரணம்.

வேட்டைக் காலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் காஷ்மீர், வேட்டைப் பிரியர்கள் விரும்பிச் செல்லும் இடமாக இருந்தது. ஆட்களை வரிசையாக நிறுத்திக் கூச்சலிட்டுக் காட்டைக் கலைப்பதும், நிலவொளியில் பழமரத்தடியில் காத்திருந்து சுடுவதும் அவர்கள் கையாண்ட முறைகள். கரடியைக் கொன்றவர் கிராமத்தாருக்கு உபகாரியாகவே தோன்றினார். பயிர் பிழைத்தது, காடு கலைத்தவர்களுக்குக் கூலி கிடைத்தது, கரடிக் கொழுப்பு மூட்டுவலிக்கு மருந்தாயிற்று.

ஸ்ரீநகருக்கு அருகிலுள்ள தாச்சிகாம், மகாராஜாவின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்ட காடாகும். 'பத்துக் கிராமங்கள்' என்பது அப்பெயரின் பொருள். 141 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்காடு 1981இல் தேசியப் பூங்கா ஆயிற்று. அங்கு வாழும் கருங்கரடியின் உணவுப் பழக்கங்களை ஆராய்ந்து ஜார்ஜ் ஷாலர் 1969இல் கட்டுரை வெளியிட்டார். துப்பாக்கியுடன் சென்ற இடத்துக்கு மனிதர் குறிப்பேட்டுடன் செல்லத் தொடங்கியதற்கு இது ஒரு சான்று.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கருங்கரடி வேட்டையைத் தடை செய்தது. அந்நாளில் தனிச் சட்டங்கள் கொண்டிருந்த ஜம்மு-காஷ்மீர் 1978இல் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. 2019க்குப் பின் மத்திய சட்டமே அங்கும் செல்லுபடியாகிறது. தன்னுயிரையோ பிறர் உயிரையோ காக்கும்பொருட்டு நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்வது குற்றமன்று என்பதும் இச்சட்டத்திலேயே உள்ள விதி.

பித்தப்பை வாணிகம்

சட்டம் வந்தபின்னும் களவு வேட்டை ஒழியவில்லை. கீழை நாடுகளின் பழைய வைத்திய முறையில் கரடியின் பித்தம் உயர்ந்த மருந்தாக மதிக்கப்பட்டதே இதற்கு முக்கிய காரணம். அப்பித்தத்தில் உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்னும் பொருள் இருப்பது உண்மை; பித்தக் கற்களைக் கரைக்கவும் சில கல்லீரல் நோய்களுக்கும் இன்றைய மருத்துவர்களும் அதனைத் தருகின்றனர். ஆனால் அதனை ரசாயன முறையில் செய்யும் வழியை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1950களிலேயே கண்டுவிட்டனர். மாட்டின் பித்தத்திலிருந்து இன்று அது பெருமளவில் தயாராகிறது. மருந்துக்காகக் கரடியைக் கொல்ல வேண்டிய தேவை இப்போது சிறிதும் இல்லை. அகில உலக வாணிக உடன்படிக்கையும் இவ்விலங்கின் உறுப்புகளை விற்பதைத் தடுக்கிறது. காட்டுப் பன்றிக்கென வேலியோரம் வைக்கப்படும் கம்பிக் கண்ணிகளில் கரடிகள் சிக்கி மாள்வதும் உண்டு.

தாக்குதலும் சினமும்

கருங்கரடி மனிதரை உணவாகக் கருதித் தேடி வருவது மிக அரிது. புதர் மறைவில் திடீரென எதிர்ப்படும்போதோ, தாய்க்கரடி குட்டிகளுடன் இருக்கும்போதோதான் பெரும்பாலும் தாக்குகிறது. ஆனால் தாக்கினால் பின்னங்காலில் நிமிர்ந்து முகத்தையும் தலையையும் நகத்தால் கிழிக்கிறது. உயிர் பிழைத்தவர்கள் கண்ணையோ மூக்கையோ இழந்து, பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் வீடு திரும்புவர். புல்லறுக்கச் சென்ற பெண்ணின் முகம் சிதைந்தால், அதன் விளைவை அக்குடும்பம் ஆயுள் முழுதும் சுமக்கிறது. இதனை உணராமல் பாதுகாப்பைப் பற்றி மட்டும் நாம் பேசினால், மலைவாசிகளின் காதில் அது ஏறாது. 2006இல் காஷ்மீரின் திரால் பகுதியில், கிராமத்தில் புகுந்த கரடி ஒன்றை மக்கள் தீயிட்டுக் கொன்றனர். அச்செயல் கொடியது; எனினும் நெடுநாள் அடக்கிய அச்சமும் சினமும் எவ்வாறு வெடிக்கும் என்பதை அது காட்டியது.

சுட அனுமதித்தால் தொல்லை தீருமா?

இக்கேள்விக்கு ஜப்பானின் அனுபவம் ஓரளவு விடை தருகிறது. இதே கருங்கரடி அந்நாட்டிலும் வாழ்கிறது; அங்கு வேட்டை முற்றிலும் தடுக்கப்படவில்லை. 2023இல் வடபகுதிக் காடுகளில் பீச் மரங்கள் காய்க்கத் தவறின. 2024 மார்ச்சு மாதத்துடன் முடிந்த ஓராண்டில் 219 பேர் கரடிகளால் தாக்கப்பட்டனர். 6 பேர் இறந்தனர். வடக்கிலுள்ள பழுப்புக் கரடிகளையும் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கரடிகள் அவ்வாண்டில் பிடிக்கப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கொல்லப்பட்டன. அங்ஙனமிருந்தும் 2025இல் இறந்தோர் தொகை 10ஐயும் கடந்தது. காட்டில் உணவு குறைந்து, ஊரோரத்தில் உணவு நிறைந்திருக்கும் வரையில், துப்பாக்கி மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

ஜப்பானின் மலைக் கிராமங்களில் இளைஞர் வெளியேறி, கைவிடப்பட்ட நிலங்கள் புதராகிவிட்டமையும் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. நம் உத்தராகண்டத்திலும் அதே நிலை காணப்படுகிறது. 2001க்கும் 2011க்கும் இடையே பௌரி, அல்மோரா ஆகிய இரு மாவட்டங்களிலும் மக்கள்தொகை குறைந்தது. ஆள் நடமாட்டம் அற்ற படிக்கட்டு வயல்களில் முட்புதர் மண்டும்போது, காட்டின் விளிம்பு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, வீடுகளையும் பாதைகளையும் சுற்றியுள்ள புதர்களைக் களைதல் வேண்டும். உதிர்ந்த பழங்களையும் குப்பையையும் அன்றன்றே அப்புறப்படுத்த வேண்டும். இரண்டாவதாக, இலையுதிர் காலத்தில் விடியற்காலையிலும் அந்தியிலும் தனியே காட்டுக்குச் செல்லாமல், பலர் கூடிப் பேசிக்கொண்டே செல்வது நலம். மனிதக் குரல் கேட்ட கரடி பெரும்பாலும் விலகிவிடும். தாக்க வந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளால் கழுத்தையும் தலையையும் மூடி முகத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, காட்டை ஒட்டிய வயல்களைச் சூரிய சக்தியால் இயங்கும் மின்வேலியால் காக்கலாம். அதற்கான செலவை ஏழைக் குடியானவர் தனியே தாங்க இயலாது. நான்காவதாக, காயமுற்றோருக்கும் பயிரிழந்தோருக்கும் உதவித்தொகை காலதாமதமின்றிக் கிடைத்தல் வேண்டும்.

இவற்றுள் முதல் இரண்டும் கிராமத்தாரின் கையில் உள்ளவை. பின் இரண்டும் அரசாங்கத்தின் பொறுப்பாகும். கரடி நாட்டின் பொதுச் செல்வம் எனில், அதனால் வரும் இழப்பையும் நாடு முழுவதும் பகிர்ந்து கொள்வதே முறை. பரண்மீது கண்விழிக்கும் குடியானவர், சட்டம் தம் பக்கமும் இருக்கிறது என்று உணரும் நாளில்தான் அச்சட்டம் கரடியையும் உண்மையாகக் காக்கும்.