மண்ணில் எழுதிய பெயர்

நுழையும்முன்

நெல் விளைய நாற்று நடுபவர் யார்? களை எடுப்பவர் யார்? கதிர் அறுப்பவர் யார்? இவ்வேலைகளில் பெரும்பகுதியைப் பெண்களே செய்கின்றனர். ஆனால், அந்த நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர், ஆசிரியப் பயிற்சி பெற்ற ஒரு கிராமத்துப் பெண். அவரைப்பற்றி அறிவோம்.

அருகில் உள்ள ஓர் ஊர்

மௌலா அலி நிலையத்திலிருந்து காசிப்பேட்டை நோக்கிச் செல்லும் தொடர்வண்டிகள் கட்கேசர், பீபிநகர் ஆகிய ஊர்களைக் கடந்து செல்கின்றன. பீபிநகருக்குத் தெற்கே போச்சம்பள்ளி என்னும் ஊர் உள்ளது. பட்டுப்புடவைகளுக்குப் பெயர்பெற்ற இவ்வூருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இதனைப் ‘பூதான் போச்சம்பள்ளி’ என்றே அழைப்பர். பூதானம் என்பதற்கு நிலக்கொடை என்பது பொருள்.

1951ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஐதராபாத்தை அடுத்த சிவராம்பள்ளியில் நடைபெற்ற சர்வோதய மாநாட்டிற்கு வந்த வினோபா பாவே, பின்னர்த் தெலங்கானா கிராமங்களின் வழியே நடைப்பயணம் மேற்கொண்டார். நிலக்கிழார்களுக்கும் உழவர்களுக்கும் இடையே ஆயுதப் போராட்டம் நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. ஏப்ரல் 18ஆம் நாள் போச்சம்பள்ளியில், நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள் தங்களுக்கு 80 ஏக்கர் நிலம் கிடைத்தால் உழைத்துப் பிழைப்போம் என்று அவரிடம் கூறினர். இவர்களுக்கு உதவுவார் எவரேனும் உண்டோ என வினோபா ஊராரிடம் கேட்டார். வெதிரே இராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து, 100 ஏக்கர் தருவதாக அறிவித்தார். பூதான இயக்கம் அங்குத் தோன்றியது.

அந்த இயக்கத்தைத் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர்கள் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாளும் ஆவர்.

படித்த மகள்

கிருஷ்ணம்மாள் 1926ஆம் ஆண்டு, இன்றைய திண்டுக்கல் மாவட்டப் பகுதியில், நிலமற்ற தலித் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் நாகம்மாள் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். நிறைமாதக் கருவுற்றிருந்த காலத்திலும் தாய் ஓய்வின்றி உழைத்ததைக் கிருஷ்ணம்மாள் கண்டார். பிறர் நிலத்தில் உழைப்பவளுக்கு உடல் நலிந்தாலும் ஓய்வில்லை. ஒரு நாள் வேலையில்லை என்றால் அன்று அடுப்பு எரியாது. இந்த உண்மையை அவர் தம் வீட்டிலேயே கற்றார்.

அக்காலத்தில் அத்தகைய குடும்பத்துப் பெண் பள்ளிக்குச் செல்வதே அரிது. மருத்துவர் சௌந்திரம் அம்மையாரின் ஆதரவினால் மதுரையில் தங்கிப் படித்து, கல்லூரிக் கல்வியையும் பெற்றார். காந்தியடிகளின் சர்வோதய நெறியில் ஈடுபட்டார். அங்கு அறிமுகமானவர் ஜெகந்நாதன். செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர், விடுதலைப் போராட்டத்திற்காகக் கல்லூரிப் படிப்பைத் துறந்து சிறை சென்றவர். நாடு விடுதலை பெற்ற பின்னரே திருமணம் என்று உறுதி பூண்டிருந்த அவரை, 1950ஆம் ஆண்டு கிருஷ்ணம்மாள் மணந்தார். சாதி வேற்றுமையைக் கடந்த திருமணம் அது.

திருமணத்திற்குப் பின் ஜெகந்நாதன் வடநாட்டில் வினோபாவுடன் நடைப்பயணம் சென்றார். அதே காலத்தில் கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியப் பயிற்சியை முடித்தார். பள்ளி ஒன்றில் அமர்ந்து நிலையான ஊதியம் பெறும் வழி அவருக்குத் திறந்திருந்தது. அவரோ கணவருடன் ஊர் ஊராக நடந்து, நிலமற்றோருக்கு நிலம் தருமாறு கேட்கும் பணியை ஏற்றார். கற்பிக்கும் பணியை அவர் கைவிடவில்லை. கற்பவர்களும் பாடமும் மாறின. கற்பவர்கள் வயலில் வேலை செய்யும் பெண்கள். பாடம் அவர்களுடைய உரிமை.

வெண்மணிக்குப் பின்

கொடையாகக் கிடைத்த நிலங்கள் அனைத்தும் பயன் தரவில்லை. சில இடங்களில் பயிரிட இயலாத கரட்டு நிலமே கொடுக்கப்பட்டது. வளமான நன்செய் நிலத்தைக் கொடுக்கப் பலருக்கும் மனம் வரவில்லை. காவிரிப் பாசனப் பகுதியில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. அங்குக் குறுவை, சம்பா, தாளடி என நெல் விளைந்தது. நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, அறுவடை என ஒவ்வொரு வேலையிலும் பெண்கள் குனிந்த முதுகுடன் உழைத்தனர். விளைந்த நெல் நிலக்கிழாரின் களஞ்சியத்திற்குச் சென்றது. உழைத்தவர்க்கு அளந்த கூலி மட்டுமே கிடைத்தது.

அந்தக் கூலியைச் சற்றே உயர்த்தித் தருமாறு கேட்டதனால் எழுந்த பகையில், 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். மாண்டவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர்.

செய்தியறிந்த கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அப்பகுதிக்குச் சென்று, அங்கேயே பணியாற்றத் தொடங்கினர். கூலியை மட்டும் உயர்த்தினால் போதாது, உழைப்பவர்க்கு நிலமே சொந்தமாக வேண்டும் என்பது அவர்கள் கொண்ட முடிவு. அறப்போராட்டங்கள் நடத்தினர், சிறை சென்றனர்.

ஒரு குடும்பம், ஓர் ஏக்கர்

1981ஆம் ஆண்டு இருவரும் ‘லாஃப்டி’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். உழுபவரின் விடுதலைக்கு நிலம் என்பது அப்பெயரின் பொருள். இதன் செயல்முறை எளிமையானது. நிலத்தை விற்க விரும்பும் உரிமையாளரையும் நிலமற்ற தொழிலாளரையும் ஒரே இடத்தில் அமர்த்திப் பேச வைத்தனர். நியாயமான விலை முடிவு செய்யப்பட்டது. விலைக்கான தொகை கடனாகப் பெறப்பட்டது. நிலம் பெற்றவர்கள் கூட்டாக உழைத்து, விளைச்சலிலிருந்து கடனை அடைத்தனர். 2007ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 13,000 குடும்பங்கள், குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் என்னும் அளவில் நிலம் பெற்றன.

இத்திட்டத்தில் ஒரு தனிச்சிறப்பு இருந்தது. நிலம் பெண்களின் பெயரில் பதிவு செய்யப்பட்டது.

பெண் பெயரில் ஏன்?

பெயர் எவருடையதாயினும் உழைப்பு ஒன்றுதானே என்று சிலர் எண்ணலாம். பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கே கடன் கிடைக்கும். வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் அழிந்தால், இழப்பீடு பெறுவதற்கும் நில ஆவணம் வேண்டும். கணவன் குடித்தாலும் கடன்பட்டாலும், மனைவியின் பெயரில் உள்ள நிலத்தை அவளுடைய கையொப்பம் இன்றி விற்க இயலாது. கணவன் இறந்தால் அவள் வீதியில் நிற்க வேண்டியதில்லை. பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளையையும் கூலிக்கு அனுப்ப வேண்டிய நெருக்கடியும் குறைகிறது.

சட்டமும் மெல்ல மெல்ல இவ்வழியில் நடந்தது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை வழங்கும் சட்டத்திருத்தத்தை ஆந்திரப் பிரதேசம் 1986ஆம் ஆண்டும், தமிழ்நாடு 1989ஆம் ஆண்டும் கொண்டுவந்தன. 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் நாடு முழுமைக்கும் அவ்வாறே திருத்தப்பட்டது. எனினும், சொத்தே இல்லாத குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்குப் பங்கு கேட்க எதுவும் இல்லை. அத்தகைய பெண்களுக்கே கிருஷ்ணம்மாள் நிலம் பெற்றுத் தந்தார்.

உப்பு நீரும் நெல் வயலும்

1990களில் புதிய இடர் ஒன்று வந்தது. கடலோர வயல்களை விலைக்கு வாங்கிய நிறுவனங்கள் இறால் பண்ணைகள் அமைத்தன. பண்ணைகளின் உப்பு நீர் கசிந்து, அக்கம்பக்கத்து வயல்களையும் குடிநீரையும் கெடுத்தது. இதனை எதிர்த்து மக்கள் போராடினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அமைந்த இறால் பண்ணைகளை அகற்றுமாறு 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தைப் பெறுவதோடு பணி முடிவதில்லை. பெற்ற மண்ணைக் காப்பதும் கடமை என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

கிருஷ்ணம்மாள் 1989ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் 2020ஆம் ஆண்டு பத்மபூஷண் விருதும் பெற்றார். 2008ஆம் ஆண்டு ‘மாற்று நோபல்’ என அழைக்கப்படும் வாழ்வுரிமை விருது இணையர் இருவருக்கும் வழங்கப்பட்டது. ஜெகந்நாதன் 2013ஆம் ஆண்டு மறைந்தார்.

கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண் தன் பெயருள்ள பத்திரத்தைக் கையில் வாங்குகிறாள். அதில் எழுதியிருப்பதை அவளால் படிக்க இயலாமல் இருக்கலாம். ஆனால், அவள் மகள் அதைப் படித்துக் காட்டுவாள். ஓர் ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சொல்லும் பொருளும்

நன்செய் – நீர்வளம் மிக்க நெல் விளையும் நிலம்
கரட்டு நிலம் – மேடுபள்ளமான, வளமற்ற நிலம்
தாளடி – முதற்போகம் அறுத்த வயலில் மீண்டும் பயிரிடும் நெல்
களஞ்சியம் – தானியம் சேர்த்து வைக்கும் இடம்
பத்திரம் – சொத்துரிமையைக் காட்டும் ஆவணம்

சிந்தித்து விடை எழுதுக

1. பூதான இயக்கம் தோன்றிய நிகழ்ச்சியை ஐந்து வரிகளில் எழுதுக.
2. கூலி உயர்வு மட்டும் போதாது என்று கிருஷ்ணம்மாள் கருதியது ஏன்?
3. நிலம் பெண்ணின் பெயரில் இருப்பதால் விளையும் நன்மைகளுள் மூன்றினைக் கூறுக.
4. உங்கள் பாட்டி அல்லது உறவினர் எவரேனும் வயலில் உழைத்தவரா? அவர் செய்த வேலைகளையும், அவற்றுக்கு அவர் ஊரில் வழங்கும் பெயர்களையும் கேட்டு எழுதி வருக. அந்த நிலம் யாருடைய பெயரில் இருந்தது என்பதையும் கேட்டறிக.