மின்கலத்திலிருந்து பிரியும் வழிகள்

நெகிரி செம்பிலானில் பகாவ், லிங்கி வட்டாரச் செம்பனைத் தோட்டங்களுக்குள் செல்லும் செம்மண் சாலைகளில் தெருவிளக்கு கிடையாது. மழை நாளில் பொழுது சாய்ந்தபின் குலை ஏற்றிவரும் வாகனத்திற்கு முகப்பு விளக்குகள் மட்டும் போதுவதில்லை. ஆகவே, கூடுதல் விளக்கு, வாக்கி-டாக்கி, கைப்பேசி மின்னேற்றி, சிறு நீரிறைப்பி எனப் பலவற்றைப் பொருத்துகின்றனர். ஒவ்வொன்றின் கம்பியையும் மின்கலத்தின் முனையிலேயே முறுக்கிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

வாகன மின்கலத்தின் மின்னழுத்தம் 12 வோல்ட் மட்டுமே. தொட்டால் அதிர்ச்சி தராது. இதனாலேயே அலட்சியம் பிறக்கிறது. ஆனால், அதன் அகத்தடை மிகக் குறைவு. குண்டுகுழியில் குலுங்கும் வாகனத்தில் கம்பியின் உறை உரசித் தேய்ந்து, செம்பு இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாயும். மெல்லிய கம்பி சில நொடிகளில் பழுத்துச் சிவக்கும், உறை தீப்பற்றும். எலிகளும் உறையைக் கடிக்கும். செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளைப் பிடிக்கத் தோட்டங்களில் கூகைகளுக்குக் கூண்டு வைப்பதுண்டு. வாகனத்தின் இயந்திர அறைக்குள் புகுந்துவிட்ட எலியைக் கூகை என்ன செய்ய முடியும்?

இதற்குத் தீர்வு மின்பகிர்வுப் பெட்டி. மின்கலத்தின் நேர்முனையிலிருந்து தடித்த கம்பி ஒன்று மட்டும் பெட்டிக்கு வரும். அங்கிருந்து ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கிளை பிரியும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு மின்னுருகி இருக்கும். பட்டறைகளில் இதனை ‘பியூஸ்’ என்பர்.

மின்னுருகி கருவியைக் காக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது முதலில் காப்பது கம்பியைத்தான். அதனால்தான் முதன்மை மின்னுருகியை மின்கலத்திற்கு மிக அருகில், ஏறத்தாழ ஓரடிக்குள் பொருத்த வேண்டும். பெட்டியின் அருகில் வைத்தால், மின்கலத்திற்கும் மின்னுருகிக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் இல்லாமல் போகும்.

அளவைக் கணக்கிடுவது எளிது. திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 55 வாட் விளக்கு ஒன்றுக்கு 55 ÷ 12, அதாவது ஏறக்குறைய 4.6 ஆம்பியர். இரண்டு விளக்குகளுக்கு 9.2. இந்தக் கிளைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 15 ஆம்பியர் மின்னுருகியும் பொருந்தும். 60 வாட் நீரிறைப்பிக்கு 5, வாக்கி-டாக்கிக்கு 6, மின்னேற்றிக்கு 2 ஆம்பியர் எனக் கொண்டால் மொத்தம் 22 ஆம்பியரைத் தாண்டும். எனவே, 10 சதுர மில்லிமீட்டர் முதன்மைக் கம்பியும் 40 ஆம்பியர் மின்னுருகியும் போதும். பின்னர் இன்னொரு கருவியைச் சேர்க்கவும் இடமிருக்கும்.

தகட்டு மின்னுருகிகளை நிறத்தால் அறியலாம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. நீலம் அடிக்கடி எரிந்துபோனால் பச்சையைச் செருகுவோரும் உண்டு. வெள்ளித்தாளைச் சுற்றி வைப்போரும் உண்டு. இரண்டும் தீயை வரவேற்கும் செயல்களே. மின்னுருகி எரிந்தால், முதலில் தேட வேண்டியது கம்பியில் உள்ள குறையை.

வேலையைத் தொடங்குமுன் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். எதிர்முனை வாகனத்தின் சட்டத்தோடு இணைந்திருப்பதால், நேர்முனையைக் கழற்றும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் பெரும் தீப்பொறி எழும். மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்திருந்தால் அது வெடிக்கவும் கூடும். வேலை முடிந்தபின் எதிர்முனையைக் கடைசியாக மாட்ட வேண்டும். கம்பி இரும்புத் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் இடுவதும் அவசியம்.

விளக்குகளை அரைமணி நேரம் எரியவிட்டு, இணைப்புகளின் உறைமேல் கை வைத்துப் பார்க்கலாம். ஓரிடம் மட்டும் சுட்டால், அங்கே திருகு தளர்ந்திருக்கும்.