நுண்செயலியை மாற்றியபின் கணினி விழிக்காவிடில்



பழைய மடிக்கணினியின் வேகத்தைக் கூட்ட விரும்புவோர் மூன்று வழிகளை நாடுகின்றனர். ராம் என்னும் நினைவகத்தைப் பெருக்குவது ஒன்று. ஹார்டு டிஸ்கை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துவது மற்றொன்று; புராசசர் எனப்படும் நுண்செயலியையே மாற்றுவது மூன்றாவது. முதல் இரண்டும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. மூன்றாவது அப்படியன்று. எல்லாம் மாட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினால், திரை கறுத்தே கிடப்பதுண்டு. அந்நிலையில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் ஓர் எல்லையைக் கூறிவிடுகிறேன். எல்லா மடிக்கணினிகளிலும் நுண்செயலியை மாற்ற இயலாது. 2015ஆம் ஆண்டுக்குப் பின் வந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் அது மதர்போர்டுடன் பற்றவைக்கப்பட்டே வருகிறது. கழற்றி மாட்டத்தக்க சாக்கெட் உள்ளவை அதற்கு முற்பட்டவை. எடுத்துக்காட்டாக, இன்டெல் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டாம் தலைமுறையிலும், 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்றாம் தலைமுறையிலும் பல நுண்செயலிகள், ஜி2 என்ற ஒரே சாக்கெட்டில் அமரும்படி அமைந்தவை. அத்தகைய கணினிகள் கைமாறிக் கைமாறி இன்றும் உழைக்கின்றன. அவற்றுக்குரிய நுண்செயலிகளும் பழைய பொருள் கடைகளில் கிடைக்கின்றன. மாற்றிப் பார்க்கும் ஆசை இங்கேதான் பிறக்கிறது.

பொத்தானை அழுத்தியவுடன் உள்ளே நடப்பது யாது? பலகையின் மின்சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெறுகின்றன. நுண்செயலி விழித்தெழுந்து, பலகையிலுள்ள சிறிய சில்லு ஒன்றிலிருந்து தன் முதற் கட்டளையைப் பெறுகிறது. அச்சில்லில் உள்ளதே பயாஸ் என்னும் தொடக்க நிரல். அந்நிரல் நுண்செயலி இன்ன வகையினது என்று கண்டறிகிறது. பின் நினைவகத்தை ஆயத்தம் செய்கிறது. அதன் பிறகே திரையில் எழுத்துத் தோன்றுகிறது. ஆகவே, முதற் படிகளில் எங்கே தடை நேர்ந்தாலும் திரை கறுத்துத்தான் இருக்கும். கறுத்த திரையைக் கண்டு, திரை கெட்டது என்றோ பலகை எரிந்தது என்றோ முடிவு கட்டலாகாது.

பயாஸை வகுப்பாசிரியரின் வருகைப் பதிவேட்டுக்கு ஒப்பிடலாம். புதிதாய் வந்த மாணவன் பெஞ்சியில் இடம் பார்த்து உட்கார்ந்துவிடலாம்; பதிவேட்டில் பெயர் இல்லையேல் அவன் அவ்வகுப்பு மாணவன் ஆகான். நுண்செயலியும் அவ்வாறே. சாக்கெட்டில் பொருந்துவது வேறு. பயாஸ் அதை ஏற்பது வேறு. இரண்டாம் தலைமுறைக்கென அமைந்த பலகைகள் பலவற்றில் மூன்றாம் தலைமுறை நுண்செயலி ஒழுங்காக அமரும்; ஆயினும், கணினியைச் செய்த நிறுவனம் அதற்குரிய புதிய பயாஸை வழங்கியிராவிடில் இயங்காது.

இனி, அறிகுறிகளைப் பார்ப்போம். விளக்கும் எரியாமல் விசிறியும் சுழலாமல் இருந்தால், மின்சாரம் சேரவில்லை, அல்லது கழற்றிய இணைப்பு ஏதோ மீண்டும் மாட்டப்படவில்லை என ஐயுறுக. விசிறி சுழன்று திரை மட்டும் கறுத்திருந்தால், நுண்செயலி சரியாக அமராமை, பயாஸ் ஏற்காமை, நினைவகம் நழுவியிருத்தல் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாகலாம். தொடங்கிய சில நொடிகளில் தானே அணைந்தால், வெப்பத்தை எண்ணுக. நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றி அதன்பின் நின்றுவிட்டால், நுண்செயலியைப் பயாஸ் ஏற்றுக்கொண்டது என்றே பொருள். குறையைப் பெரும்பாலும் டிஸ்கிலோ இயக்க முறைமையிலோ தேட வேண்டும். சில கணினிகள் விளக்கைச் சிமிட்டியோ ஒலி எழுப்பியோ குறையைச் சொல்லும். அவற்றின் பொருள் அந்தந்த மாதிரியின் கையேட்டில் இருக்கும்.

செய்முறைக்கு வருவோம். சார்ஜரையும் மின்கலத்தையும் அகற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். பலகையிலுள்ள நாணய வடிவச் சிறு மின்கலத்தைச் சில நிமிடம் கழற்றி வைத்தால், பயாஸின் பழைய அமைப்புகள் பல மாதிரிகளில் அழிந்து புதிதாய்த் தொடங்கும். அடுத்து, நினைவகத் துண்டு ஒன்றை மட்டும் வைத்து, டிஸ்கையும் அகற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். பொருள்கள் குறையக் குறைய, ஐயப்பட வேண்டியவையும் குறையும்.

அதிலும் பயனில்லையேல் நுண்செயலியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெறுங்கையால் ஊசிகளைத் தொடாதீர்கள். சாக்கெட்டின் ஓரத்திலுள்ள திருகை, பூட்டு நிலையிலிருந்து திறந்த நிலைக்குத் திருப்பிய பின்னரே எடுக்க வேண்டும். நுண்செயலியின் ஒரு மூலையிலுள்ள முக்கோணக் குறி, சாக்கெட்டின் குறியோடு நேர்படுகிறதா? ஊசி ஏதேனும் வளைந்துள்ளதா? திரும்ப வைக்கையில் அது தன் எடையாலேயே இறங்க வேண்டும். அழுத்தினால்தான் இறங்குமெனில் நிறுத்திவிடுங்கள். பழைய வெப்பப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிய பசையைச் சிறிதளவே இடுங்கள். வெப்பம் கடத்தும் தகட்டின் திருகுகளை, அதில் பொறித்துள்ள எண் வரிசையில் சிறிது சிறிதாக முறுக்குங்கள். விசிறியின் கம்பியை மாட்டினோமா என்பதையும் பாருங்கள்.

இவற்றினும் முக்கியமான சோதனை ஒன்றுண்டு. அதைத்தான் பலர் செய்வதில்லை. பழைய நுண்செயலியை மீண்டும் வைத்துப் பார்ப்பதே அது. அதனோடு கணினி எழுந்தால் பலகை நலமாக இருக்கிறது என்பது உறுதி. குறை புதிய நுண்செயலியில் உள்ளது, அல்லது பயாஸ் அதை ஏற்காமையில் உள்ளது. எழாவிட்டால், வேலையின்போது நாம் எதையோ அசைத்துவிட்டோம் என்று அறிக.

சில ஆண்டுகளுக்கு முன் பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். அவன் தந்தையும் என் மாணவரே. "ஐயா, கடையில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள், மாற்றக் கேட்கும் பணத்துக்கு வேறு பழைய கணினியே வாங்கிவிடலாம். என் புராஜெக்ட் முழுவதும் இதற்குள் இருக்கிறது, இந்த வாரத்தில் ஒப்படைக்க வேண்டும்" என்று கலங்கினான். "பழைய நுண்செயலி எங்கே, தம்பி?" என்று கேட்டேன். தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தான். அதைப் பொருத்தியதும் கணினி எழுந்தது. புராஜெக்டும் அப்படியே இருந்தது. அவன் வாங்கியது மூன்றாம் தலைமுறை. அவன் பலகையோ இரண்டாம் தலைமுறைக்குரியது. புதிய பயாஸும் அதற்கு வழங்கப்படவில்லை. கடைக்காரர் கூறிய முடிவை அவன் ஏற்றிருந்தால், நலமாயிருந்த பலகை குப்பைக்குப் போயிருக்கும்.

எனவே, வாங்குமுன் அறிய வேண்டியவை சில. உங்கள் மாதிரியின் பராமரிப்புக் கையேட்டில், ஏற்கத்தக்க நுண்செயலிகளின் பட்டியல் இருக்கும்; அதைப் பாருங்கள். பயாஸைப் புதுப்பிப்பதாயின், பழைய நுண்செயலி இருக்கும்போதே புதுப்பியுங்கள். கணினி எழாதபோது அது எளிதில் ஆகாது. மின்னளவையும் கவனியுங்கள். இரண்டாம் தலைமுறையில் இரு கருக்கள் உடையவற்றுள் பல 35 வாட் அளவின. நான்கு கருக்கள் உடையவற்றுள் பல 45 வாட் அளவின. 35 வாட்டுக்கென அமைந்த விசிறியும் மின்சுற்றும் 45 வாட்டைத் தாங்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சோதனைக்காகச் செய்யப்பட்ட மாதிரி நுண்செயலிகளும் பழைய பொருள் கடைகளில் உலவுகின்றன. இன்டெல்லின் அத்தகையவற்றில், எஸ் என்று தொடங்கும் குறியீட்டுக்குப் பதில் கியூ என்று தொடங்கும் குறியீடு இருக்கும். அவற்றை வாங்காதிருப்பதே நலம்.

மாணவர்களே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதையும் விளைந்ததையும் தாளில் குறித்து வையுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால், கணினி எழுந்தாலும் எதனால் எழுந்தது என்று தெரியாது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் முறை இதுவே. கழற்றிய பழைய பொருளையும், புதியது செவ்வனே இயங்கும்வரை எறிந்துவிடாதீர்கள்.