பெரிய டிஸ்க்குகளுக்கு மாறும் முன்...

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களிலேயே சந்திக்கும் பிரச்னை, ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லை என்பதுதான். போட்டோ, வீடியோ என்று சேர்ந்துகொண்டே போகும். இதற்காகவே நான் 2014ல் நான்கு டிஸ்க்குகள் போடக்கூடிய பெட்டி ஒன்றை வாங்கி, வீட்டு நெட்வொர்க்கில் இணைத்தேன். நான்கும் 2 டெராபைட் டிஸ்க்குகள். மொத்தம் 8 டெராபைட். ஆனால் பயன்படுத்தக் கிடைத்தது 6 தான். மீதி 2 எங்கே போனது?

அதற்குக் காரணம் ரெய்ட் என்னும் ஏற்பாடு. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் போலக் காட்டும் முறை இது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988ல் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் பெயரைக் கொடுத்தனர். நான் அமைத்திருந்தது ரெய்ட் 5. மூன்று டிஸ்க்குகளில் 5, 3, 4 என்ற எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதில் கூட்டுத்தொகை 12 எழுதப்படுகிறது. 3 இருந்த டிஸ்க் கெட்டுப்போனால் 12லிருந்து மற்ற இரண்டையும் கழித்து அதனைத் திரும்பப் பெறலாம். (உண்மையில் நடப்பது கூட்டல் அல்ல, வேறொரு கணக்கு. அதன் விடையும் நான்கு டிஸ்க்குகளிலும் பரவி இருக்கும்.) இதற்குப் பேரிட்டி என்று பெயர்.

இடம் நிரம்பியதும் 8 டெராபைட் டிஸ்க்குகள் நான்கு வாங்கினேன். பழையதில் ஒன்றை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால், பெட்டி தானாகவே கணக்குப் போட்டுப் புதிய டிஸ்க்கை நிரப்பிவிடும். இதனை ரீபில்ட் என்பார்கள். இப்படி ஒவ்வொன்றாக நான்கையும் மாற்றிவிடலாம் என்று நினைத்து, முதல் டிஸ்க்கை மாற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் சிவப்பு விளக்கு. எந்த போல்டரும் திறக்கவில்லை.

மூன்றாம் எண் டிஸ்க்கில், பல வருடங்களாக யாரும் திறக்காத ஓர் இடம் படிக்க முடியாமல் போயிருந்தது. நான்கு டிஸ்க்குகளும் இருந்த நாளில் இது ஒரு பிரச்னையே அல்ல. ஒன்றை நானே வெளியே எடுத்துவிட்டதால் கழித்துப் பார்க்க வழியில்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் போட்டோக்கள் அதில்தான் இருந்தன. வேறு காப்பி எடுக்கவில்லை.

நல்ல வேளையாக, வெளியே எடுத்த டிஸ்க்கைப் பார்மட் செய்யவில்லை. இரவில் யாரும் பெட்டியில் புதிதாக எதையும் சேமிக்கவும் இல்லை. லினக்ஸ் தெரிந்த நண்பர் வந்து, பழைய டிஸ்க்கைத் திரும்பச் செருகி, கெட்ட மூன்றாம் எண்ணை விலக்கிவிட்டு, மற்ற மூன்றையும் கொண்டு தொகுப்பை மீண்டும் இயக்கினார். முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்குக்கு காப்பி செய்தோம்.

அதன் பிறகுதான் டிஸ்க்குகளின் விவரக்குறிப்பைப் படித்தேன். வீட்டு உபயோக டிஸ்க்குகள் பலவற்றில், நூறு லட்சம் கோடி பிட்கள் படித்தால் அதிகபட்சம் ஒரு பிழை வரலாம் என்று போட்டிருக்கும். இது 12.5 டெராபைட். என் பழைய பெட்டியில் ஒரு ரீபில்ட் என்றால் 6 டெராபைட் படிக்க வேண்டும். 8 டெராபைட் டிஸ்க்குகளில் அதுவே 24. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் 8 டெராபைட் டிஸ்க் ஒன்றை நிரப்பக் குறைந்தது 12 மணி நேரமாவது ஆகும். அத்தனை நேரமும் பாதுகாப்பே இல்லாமல் ஓட வேண்டும். டிஸ்க் பெரிதானால் பாதுகாப்பும் கூட வேண்டும் என்பது இதனால்தான்.

எனவே புதியதை ரெய்ட் 6 ஆக அமைத்தேன். இதில் இரண்டு வகைக் கணக்குகள் எழுதப்படும். பள்ளியில் இரண்டு சமன்பாடுகளை வைத்து இரண்டு எண்களைக் கண்டுபிடித்தோமே, அதே போலத்தான். எந்த இரண்டு டிஸ்க்குகள் போனாலும் டேட்டா நிற்கும். கிடைக்கும் இடம் 24 அல்ல, 16 டெராபைட். "இவ்வளவு செலவழித்துப் பாதியா?" என்று வீட்டில் கேட்டார்கள். ரெய்ட் 10லும் இதே 16 தான், ஆனால் ஜோடி டிஸ்க்குகள் இரண்டும் போனால் கதை முடிந்தது.

நீங்கள் மாற்றுவதாக இருந்தால், முதலில் முழு காப்பி எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு டிஸ்க்கின் ஸ்மார்ட் தகவலில், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். பூஜ்யமாக இல்லை என்றால் முதலில் மாற்ற வேண்டியது அந்த டிஸ்க். பெட்டியில் காலி இடம் இருந்தால் பழையதை எடுக்காமலே புதியதற்கு காப்பி செய்யும் வசதி சில பெட்டிகளில் உண்டு, அதுவே நல்லது. வாங்கும்போது எஸ்.எம்.ஆர். வகை டிஸ்க் வேண்டாம், சி.எம்.ஆர். கேளுங்கள். எஸ்.எம்.ஆர். வகையில் ரீபில்ட் பல மடங்கு நேரம் இழுக்கும்.

ரெய்ட் எதுவானாலும், தவறி டெலீட் செய்த பைலை அது திருப்பித் தராது. அந்த யு.எஸ்.பி. டிஸ்க் இப்போது தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. மாதம் ஒருமுறை வாங்கி வந்து புதுப்பித்துத் திரும்பக் கொடுத்துவிடுகிறேன்.