ஒளிரும் சிறு அடையாளங்கள்

உயிரணுவிலுள்ள புரதங்கள் பெரும்பாலும் நிறமற்றவை. நுண்ணோக்கியால் நோக்கினும் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய இயலாது. எனவே, காண விரும்பும் புரதத்தோடு ஒளிரும் சாயமூலக்கூற்றை அடையாளமாகப் பிணைக்கின்றனர். நுண்ணோக்கி காட்டுவது புரதத்தை அன்று. அதன்மேல் பொருத்தப்பட்ட அடையாளத்தையே.

நெடுங்காலம் இவ்வேறுபாடு பொருட்படுத்தப்படவில்லை. ஒளியின் அலைப்பண்பால் ஒவ்வொரு புள்ளியும் நுண்ணோக்கியில் சிறு வட்டமாகப் பரவித் தெரியும். ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருங்கிய இரு புள்ளிகள் ஒன்றாகவே தோன்றும். இவ்வெல்லையை 1873-இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அபே விளக்கினார். அத்தகைய மங்கலான காட்சியில் பத்து நானோமீட்டர் பிழை புலப்படாது.

இவ்வெல்லையைக் கடக்க வழிகண்ட எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோர் 2014-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். அவ்வழிகளுள் ஒன்றில், சாயமூலக்கூறுகள் அனைத்தும் ஒருசேர ஒளிர்வதில்லை. ஒவ்வொரு படத்திலும் சில மட்டுமே ஒளிர்கின்றன. தனித்தனியே தெரியும் அவ்வொளிவட்டங்களின் மையங்கள் கணக்கிடப்படுகின்றன. ஆயிரக்கணக்கான படங்களின் மையங்களைத் தொகுத்தால், ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவிலான நுட்பங்களும் தெளிவாகின்றன.

பார்வை கூர்மையடைந்ததும் அடையாளத்தின் பருமனே தடையாயிற்று. வழக்கமான முறையில், புரதத்தை ஓர் எதிர்ப்பொருள் பற்றும். சாயம் தாங்கிய மற்றோர் எதிர்ப்பொருள் அதன்மேல் பற்றும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நானோமீட்டர் நீளமுடையது. உயிரணுவின் நுண்குழல் 25 நானோமீட்டர் விட்டமே உடையது. இவ்விரு அடுக்குகளும் போர்த்தியபின் அது ஏறத்தாழ 60 நானோமீட்டராகப் பருத்துவிடுகிறது. நுண்ணோக்கி பிழை செய்யவில்லை. சாயம் இருந்த இடத்தையே சரியாகக் காட்டியது. மேலும், பெரிய அடையாளங்கள் ஒன்றையொன்று நெருக்குவதால் சில புரதங்கள் அடையாளம் பெறாமலே விடுபடுகின்றன. தொடர்ச்சியான அமைப்பும் அறுந்ததுபோல் தோன்றுகிறது.

இதற்குத் தீர்வு சிறிய அடையாளங்களே. ஒட்டகக் குடும்ப விலங்குகளின் குருதியில் எளிய அமைப்புடைய எதிர்ப்பொருள்கள் உள்ளன. அவற்றின் பற்றும் பகுதியை மட்டும் தனித்தெடுத்தால், சில நானோமீட்டர் அளவேயுள்ள நானோ எதிர்ப்பொருள் கிடைக்கிறது. அதனினும் சிறிய வழியும் உண்டு. இயற்கைப் புரதங்களில் காணப்படாத அமினோ அமிலம் ஒன்றைப் புரதத்தில் சேர்த்து, அதனோடு சாயத்தை நேரடியாக வேதிப்பிணைப்பால் இணைக்கலாம். அப்போது புரதத்திற்கும் சாயத்திற்கும் இடையேயுள்ள தொலைவு ஏறத்தாழ ஒரு நானோமீட்டராகச் சுருங்குகிறது.

அடையாளம் சிறிதாயினும் புரதத்தின் இயல்பைக் குலைக்கலாகாது. ஆதலால், அடையாளம் பெற்றபின்னும் புரதம் முன்போலவே செயற்படுகிறதா எனச் சோதித்தறிதல் வேண்டும். காணும் பொருளை மட்டுமன்றி, காட்டும் பொருளையும் அளந்தறிவதே மெய்யான ஆய்வாகும்.